கணினி யார் சொல்பேச்சு கேட்கிறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காசு கொடுக்காமல் இறக்கிய ஓர் ஒளிப்படத் திருத்தச் செயலியைப் பயன்படுத்துகிறேன். இது கட்டற்ற மென்பொருள்தானா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: விலையை விட்டுவிட்டு உரிமத்தைப் பாருங்கள். அது நான்கு உரிமைகளைத் தர வேண்டும். எந்த வேலைக்கும் ஓட்டலாம். மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வடிவத்தை, படித்து மாற்றலாம். நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிய வடிவத்தையும் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவர் 1985இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் வகுத்த இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது கட்டற்ற மென்பொருள் ஆகாது. ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்’, ‘வணிகத்துக்கு அல்ல’ என்று ஒரு வரி இருந்தாலே முதல் உரிமை அடிபட்டுப்போகும்.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் உள்ள கணினிகளில் ‘யுஎஸ்ஆர்’ அடைவுக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘டாக்’ என்று போனால் ஒவ்வொரு மென்பொருள் தொகுப்பின் பெயரிலும் ஓர் அடைவு இருக்கும். அதிலுள்ள ‘காப்பிரைட்’ கோப்பைத் திறந்தால் உரிம விவரம் தெரியும். மற்ற இடங்களில் மூலநிரலோடு வரும் ‘லைசென்ஸ்’ அல்லது ‘காப்பியிங்’ கோப்பைத் தேடுங்கள். மூலநிரல் இணையத்தில் திறந்து கிடக்கிறது, உரிமக் கோப்பு மட்டும் காணோம் என்றால் எச்சரிக்கையாக இருங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கும். நீங்கள் படித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: எனக்கு நிரல் எழுதத் தெரியாது. மூலநிரல் கிடைத்து என்ன பயன்?

பதில்: தெரிந்த யாரிடமும் கொடுத்து வேலை வாங்கிக்கொள்ளலாம், ஒரே நிறுவனத்தின் வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. ஓபன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் போகும் போக்கு பிடிக்காத நிரலாளர்கள் 2010இல் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே வந்து லிப்ரெஆபிஸைத் தொடங்கினார்கள். நிரல் எழுதத் தெரியாத பயனர்களும் தங்கள் பழைய கோப்புகளை அப்படியே அதில் திறந்து வேலையைத் தொடர முடிந்தது.

கேள்வி: விண்டோஸ் மடிக்கணினியில் லினக்ஸ் போட விரும்புகிறேன். வைஃபை வேலை செய்யாது என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: நிறுவும் முன்பே சோதித்துவிடலாம். நிறுவாமலே ஓட்டிப் பார்க்கும் ‘லைவ்’ கோப்பை இறக்கி, அதன் எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) வெளியீட்டாளர் தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்த இறக்கமும், வழியில் யாரேனும் மாற்றிய கோப்பும் இங்கேயே பிடிபடும். பிறகு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். அதிலிருந்து கணினியைத் தொடங்கி வைஃபை, ஒலி, கேமரா ஆகியவற்றைப் பாருங்கள். மூடியைச் சாத்தித் திறந்தால் கணினி தூங்கி விழிக்கிறதா என்பதையும் மறக்காமல் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஃபர்ம்வேர், அதாவது சில்லை இயக்கும் நிரல். பல வைஃபை சில்லுகளுக்குள் நிரல் நிரந்தரமாக இருப்பதில்லை; ஒவ்வொரு முறையும் இயங்குதளம்தான் அதை ஏற்ற வேண்டும். அந்த நிரலுக்குப் பெரும்பாலும் மூலநிரல் கிடைக்காது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே அதைச் சேர்த்துத் தருகிறார்கள். டிரிஸ்குவல் போன்ற முழுக்கக் கட்டற்ற லினக்ஸ் வெளியீடுகள் கொள்கையாகவே சேர்ப்பதில்லை. டெபியன் வழியில் போனால் ஒரு மூடிய துண்டு உள்ளே இருக்கிறது என்று தெரிந்தே போங்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு உள்ள யுஎஸ்பி வைஃபை வாங்குங்கள். அதன் ஃபர்ம்வேருக்கே மூலநிரல் இருக்கிறது. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். பெட்டியிலுள்ள மாடல் எண்ணை நம்பாதீர்கள், அதே எண்ணில் அடுத்த தயாரிப்பில் வேறு சில்லு வரக்கூடும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் வட்டில் விண்டோஸ் இருக்கும் பகிர்வைச் சுருக்கும் முன், விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வையுங்கள். ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக அணையாது. லினக்ஸ் அந்தப் பகிர்வைப் படிக்க மட்டும் திறக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும்.

கேள்வி: ஜிபிஎல் உரிமத்தில் உள்ள நிரலை மாற்றி, நாங்கள் விற்கும் கருவியில் வைக்கிறோம். மூலநிரலை உலகத்துக்கே வெளியிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஜிபிஎல் என்பது, நிரலைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்னும் உரிமம். கருவியோடு மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது. அப்படிக் கொடுக்காமல், கேட்டால் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் வழியும் உண்டு. ஜிபிஎல் 2இல் அந்த வாக்குறுதி குறைந்தது 3 ஆண்டு செல்லும். கருவி வாங்காத ஒருவர் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

தவறு நடப்பது வேறு இடத்தில். மூலத்திட்டத்தின் தளத்திலிருந்து ஒரு தொகுப்பை இறக்கி அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். கருவியில் ஓடுவது எந்தப் பதிப்போ, எந்தத் திருத்தங்களோடு ஓடும் வடிவமாகத் தொகுத்ததோ, அதே மூலநிரல்தான் போக வேண்டும். தொகுக்கவும் நிறுவவும் பயன்பட்ட ஸ்கிரிப்டுகளும் அதோடு சேர்ந்தவை. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) என்றால் அதன் ‘கான்ஃபிக்’ கோப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வெளியீட்டன்றும் மூலநிரலுக்கு ஓர் அடையாளக் குறி இட்டு, வேறொரு புதுக் கணினியில் அந்தத் தொகுப்பை மட்டும் வைத்துத் தொகுத்துப் பாருங்கள். அங்கே நின்றுபோனால் உங்கள் வாடிக்கையாளரிடமும் நின்றுபோகும்.

ஜிபிஎல் 3 என்றால் நுகர்வோர் கருவிகளுக்கு இன்னொன்றும் உண்டு: மாற்றிய நிரலை அதே கருவியில் நிறுவி ஓட்டத் தேவையான தகவல், சாவி இருந்தால் சாவி. டிவோ நிறுவனம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் தன் கருவியின் மூலநிரலைக் கொடுத்தது. ஆனால் பயனர் மாற்றிய கெர்னலைக் கருவி ஏற்காதபடி பூட்டியும் வைத்தது. உரிமத்தின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை எடுத்த வேலை அது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த வழியை அடைத்தது. லினக்ஸ் கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது. ஆகவே உங்கள் கருவியில் எந்தப் பகுதி எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று தனித்தனியே பட்டியல் போடுங்கள்.

கேள்வி: அதே நிரலை விற்காமல், எங்கள் சர்வரில் மட்டும் ஓட்டிச் சேவை தந்தால்?

பதில்: ஜிபிஎல் படி நகல் யாருக்கும் போகவில்லை, எனவே கடமையும் இல்லை. வலைவழிச் சேவைக்கும் கடமை வைக்கும் ஏஜிபிஎல் 3 உரிமமாக இருந்து, நீங்கள் அதை மாற்றியும் இருந்தால், வலைவழி அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவருக்கும் உங்கள் திருத்தத்தோடு மூலநிரல் கிடைக்கச் செய்ய வேண்டும். பக்கத்தின் அடியில் எல்லோருக்கும் தெரியும்படி ஓர் இணைப்பு வைத்தால் போதும். ஓடும் பதிப்பை மாற்றும் அன்றே இணைப்பின் பின்னால் இருப்பதையும் மாற்றிவிடுங்கள்.