கேஸ் கீசரின் சுடர் ஏன் அணைகிறது? பெங்களூர்த் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

கேஸ் கீசர் பற்றிக்கொண்ட பிறகு அணைந்துவிடுகிறது என்பதே இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றின் சாரம். இங்கே வீடுகளில் மாட்டப்படும் உடனடிக் கீசர்களில், எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் பைலட் சுடர் பொதுவாக இருப்பதில்லை. குழாயைத் திறந்ததும் நீரோட்டம் ஒரு சுவிட்சைத் தள்ளுகிறது. பேட்டரியின் உதவியால் பொறி பறக்கிறது. வால்வு திறந்து பர்னர் பற்றிக்கொள்கிறது. நீரோட்டம் குறைந்தாலும், சுடர் இருப்பதை உணர்கம்பி அறியாவிட்டாலும், சூடு மிஞ்சினாலும் அந்த வால்வு மூடிக்கொள்ளும். எத்தனை நொடிக்குப் பிறகு, எந்தச் சூழ்நிலையில் அணைகிறது என்பதைப் பலர் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அல்சூரிலிருந்து: ஐயா, கீசர் உடனே பற்றிக்கொள்கிறது, நான்கைந்து நொடியில் அணைந்து, மறுபடியும் டிக் டிக் என்று பொறி தட்டுகிறது. சிலிண்டர் புதியது. என்ன காரணம்?

பற்றிக்கொள்வதால் எரிவாயுவும் நீரோட்டமும் பொறியும் சரியாக உள்ளன என்று தெரிகிறது. பர்னருக்கு முன்னே, பீங்கான் உறையிலிருந்து நீண்டிருக்கும் இரண்டு கம்பிகளைப் பாருங்கள். ஒன்று பொறி தருவது, மற்றொன்று சுடரை உணர்வது. எரியும் சுடரின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அந்த மின்னோட்டம் உணர்கம்பி வழியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வந்து சேராவிட்டால், சுடர் இல்லை என்று முடிவு செய்து பெட்டி வால்வை மூடிவிடும். கம்பியில் கரி படிந்தாலோ, அது வளைந்து சுடருக்கு வெளியே நின்றாலோ, அதன் ஒயர் தளர்ந்தாலோ நீங்கள் சொல்வதுதான் நடக்கும். சிலிண்டரை மூடி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மிக நைசான உப்புத்தாளால் கம்பியை மட்டும் மெதுவாகத் தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். தேய்ந்த பேட்டரி பொறியைத் தந்துவிடும்; வால்வைத் திறந்தபடி பிடித்துவைக்க அதற்குச் சக்தி போதாது. பெரிய அளவு ஆல்கலைன் பேட்டரி இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் வகை ஒவ்வொன்றும் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் தருவதால், இந்த இடத்துக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஜெயநகரிலிருந்து: நாங்கள் மேல்மாடியில் குடியிருக்கிறோம். வாளியில் பிடிக்கும்போது எரிகிறது, ஷவரைத் திறந்தால் அணைகிறது.

உங்கள் கீசரில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. நீரின் அழுத்தம் டயாஃப்ரம் என்னும் ரப்பர் சவ்வை அழுத்தினால்தான் சுவிட்ச் தள்ளப்படும். தொட்டியின் நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். கையேட்டில் குறைந்தபட்சம் 0.25 கிலோ என்று போட்டிருந்தால், கீசருக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரம் வேண்டும் என்று பொருள். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே இருக்கும் வீட்டில் அந்த உயரம் எட்டுவதே கடினம், ஷவரின் சிறு துளைகளோ ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும். தொட்டியை உயர்த்தலாம், அல்லது சிறிய பிரஷர் பம்ப் வைக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் கவனியுங்கள். கீசரைக் கடுஞ்சூட்டில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை நிறையக் கலந்தால், வெந்நீர்ப் பக்கத்து ஓட்டம் குறைந்து சுடர் அணையும். எரிவாயுத் திருகைக் குறைத்து, வெந்நீரை மட்டுமே முழுமையாக ஓடவிடுவது நல்லது.

சர்ஜாபூர் சாலையிலிருந்து: எங்கள் அடுக்ககத்துக்கு டேங்கர் தண்ணீர் வருகிறது. இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கக் கொதிக்க நீர் வந்து, பிறகு அணைகிறது. சூட்டைக் காக்கும் சென்சாரின் ஒயர்களை நேரடியாக இணைத்துவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

தயவுசெய்து செய்ய விடாதீர்கள். டேங்கரில் வருவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். அதன் உப்பு, கீசருக்குள் நீர் ஓடும் செப்புச் சுருளின் உட்புறம் படிந்து வழியைக் குறுக்கியிருக்கும். குறைவாக ஓடும் நீர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து சுடரை அணைக்கிறது. அதை நீக்கிவிட்டால் உப்பு அப்படியே இருக்கும், உங்கள் மேல் கொதிநீர் விழுவதைத் தடுக்க எதுவும் இருக்காது. குளிர்நீர் நுழையும் இடத்தில் உள்ள சல்லடையை முதலில் கழுவுங்கள். பிறகு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுருளுக்குள் ஓடவிட்டு உப்பைக் கரைக்கச் சொல்லுங்கள். அதைச் செய்ய மறுப்பவர் என்றால் வேறொருவரை அழைப்பதே பாதுகாப்பு.

சிவாஜிநகரிலிருந்து: அடுப்புக்கும் கீசருக்கும் ஒரே சிலிண்டர். காலையில் முதலில் குளிப்பவருக்குச் சிக்கல் இல்லை. மூன்றாவது ஆள் குளிக்கும்போது சுடர் சுருங்கி அணைகிறது. சிலிண்டரில் பாதிக்குக் கீழ்தான் எரிவாயு இருக்கிறது.

ஒரு நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர், முழு அளவில் எரியும்போது மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எரிவாயுவை எடுத்துக்கொள்ளும். இது ஐந்தாறு அடுப்பு பர்னர்களுக்கு ஈடானது. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியானால்தான் குழாய்க்கு வாயு வரும், ஆவியாவதற்கான வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் சிலிண்டரின் உலோகத்திலிருந்துமே எடுத்துக்கொள்கிறது. ஆகவே தொடர்ந்து எடுக்க எடுக்கச் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வியர்த்து, ஆவியாகும் வேகம் குறைந்துகொண்டே போகும். திரவம் குறையும்போது அது தொட்டுக்கொண்டிருக்கும் உலோகப் பரப்பும் குறைவதால் வெளிவெப்பம் உள்ளே செல்வது மேலும் மட்டுப்படும். சிலிண்டர் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் சேர்ந்த கலவை. அதில் புரோப்பேன் முதலில் அதிகமாக ஆவியாகிவிடுவதால், கடைசியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன், அது −0.5 டிகிரியில்தான் கொதிக்கும் என்பதால், மார்கழி விடியலின் குளிரில் தரும் அழுத்தம் சொற்பம். 15 டிகிரியை ஒட்டிய பெங்களூர்க் காலையே இதற்குப் போதும், டெல்லியில் இருக்கும் உறவினர்கள் இதைவிடக் கூடுதலாகவே உணர்ந்திருப்பார்கள்.

கீசருக்குத் தனிச் சிலிண்டரும் தனி ரெகுலேட்டரும் வையுங்கள். ரப்பர் குழாயை நடுவில் வெட்டி T வடிவ இணைப்புப் போட்டுப் பகிர்வது கசிவுக்கு வழிவகுக்கும். ஒருவர் குளித்தபின் சற்று நேரம் விட்டு அடுத்தவர் குளித்தால் சிலிண்டரும் மீளும். எக்காரணத்தைக் கொண்டும் சிலிண்டரின் மேல் வெந்நீர் ஊற்றவோ, அதைப் படுக்க வைக்கவோ கூடாது.

கம்மனஹள்ளியிலிருந்து: எங்கள் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது. கதவையும் ஜன்னலையும் மூடினால் சுடர் மஞ்சளாகி, சில நாள் தானாகவே அணைந்துவிடுகிறது. என் மனைவிக்குக் குளித்து வந்ததும் தலைவலியும் தலைச்சுற்றலும் வருகின்றன. பர்னரைச் சுத்தம் செய்தால் போதுமா?

போதாது. வந்த கேள்விகளில் இதைப் படித்தபோதுதான் எனக்கு மிகுந்த கவலை ஏற்பட்டது. இன்றே அந்தக் கீசரை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய 15 கிலோவுக்கும் மேற்பட்ட காற்று தேவை. நம் வீடுகளில் உள்ள சிறிய குளியலறைக்குள் இருப்பது சுமார் 8 கன மீட்டர் காற்று. அதன் எடை 9 கிலோகூட இல்லை. மூடிய அறைக்குள் எரியும் பர்னர் அந்தக் காற்று முழுவதையும் முக்கால் மணி நேரத்துக்குள் இழுத்துவிடும். அதற்கு வெகு முன்பே ஆக்சிஜன் குறைந்து, எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகத் தொடங்கும். மஞ்சள் சுடர் அதன் அடையாளம். சிலிண்டர் கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்று சேர்க்கப்படும் மெர்காப்டன் வாசனை எரியும்போது அழிந்துவிடும் என்பதால், இந்த நச்சுவாயுவை மூக்கால் அறியவே முடியாது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். உங்கள் மனைவிக்கு வரும் தலைவலி அதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். அடுத்து குமட்டல் வரும், கால்கள் துவளும், கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக்கூட வலிமை இராது. இந்நகரின் குளியலறைகளில் இப்படிப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கேஸ் கீசர் உள்ளே இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தமாகவே காட்டும், ஆகவே அதை நம்பிவிட வேண்டாம். யாரேனும் மயங்கிக் கிடந்தால், கதவைத் திறந்து, திறந்த வெளிக்குத் தூக்கி வந்து, 108 ஐ அழையுங்கள். கீசரைப் பால்கனியிலோ யூட்டிலிட்டியிலோ, வெளிக்காற்று தாராளமாகப் படும் இடத்தில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் குளியலறைக்குள் கொண்டுவாருங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் இணங்கும் வரை வாளியில் மின்சார ராடு போட்டுச் சுட வைத்து, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே அந்தத் தண்ணீரைத் தொடுங்கள்.

கே.ஆர்.புரத்திலிருந்து: குழாய் எரிவாயு இணைப்பு வந்துவிட்டது. பழைய கீசரை அதில் மாட்டியதிலிருந்து பற்றவே மறுக்கிறது.

குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதே கன அளவு சிலிண்டர் எரிவாயு தரும் வெப்பம் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்; அழுத்தமும் குழாயில் 21 மில்லிபார், சிலிண்டர் ரெகுலேட்டரில் சுமார் 30 மில்லிபார். பர்னருக்கு வாயுவை விடும் முனைதான் ஜெட். சிலிண்டருக்கான ஜெட்டின் சிறு துளை வழியே இப்போது போகும் வாயு போதவில்லை. நிறுவனத்தின் ஆளே ஜெட்டை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் இயற்கை எரிவாயுவுக்கான கீசரையே வாங்குங்கள். துளையை ஊசியால் பெரிதாக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் சுடர் அணையுமா?

இல்லை. காற்றின் அடர்த்தியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குறையும். அதனால் மட்டும் சுடர் அணையாது.

பிரேசர் டவுனிலிருந்து ஒரு தாயார்: சிகாகோவில் பழைய வாடகை வீட்டில் இருக்கும் என் மகள், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் பைலட் சுடர் அடிக்கடி அணைகிறது என்கிறாள். பனிக்காலம் என்பதால் பயமாக இருக்கிறது.

அம்மா, அந்தப் பழைய ஃபர்னஸில் உண்மையாகவே பைலட் சுடர் உண்டு. அதன் நுனியில் நிற்கும் தெர்மோகப்பிள் என்னும் கம்பி, சூட்டினால் 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்சாரத்தை உண்டாக்கி, அதன் மூலம் எரிவாயு வால்வைத் திறந்து பிடித்திருக்கும். திருகை அழுத்திப் பற்றவைத்து, விட்டவுடன் அணைந்தால் தெர்மோகப்பிள் தேய்ந்திருக்கும், அல்லது சுடர் அதன் நுனியைச் சரியாகச் சூழவில்லை. அது விலை குறைந்த பாகம். சில மணி நேரம் எரிந்துவிட்டு அணைந்தால், பைலட் துளையில் தூசி அடைத்திருக்கலாம், அல்லது புகைபோக்கி வழியே காற்று கீழே இறங்கலாம். புகைபோக்கிச் சிக்கலை உரிய பணியாளரே பார்க்க வேண்டும். வாயு வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் தயங்காமல் வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம். வாடகை வீடுகளில் செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை பகலில் 68, இரவில் 66 டிகிரி பாரன்ஹீட்டாவது இருக்க வேண்டும் என்பது சிகாகோ நகரின் விதி. படுக்கையறைக்கு 15 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது இல்லினாய் மாநிலச் சட்டம். அந்த அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றே பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்சூரிலிருந்து மற்றொருவர்: பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், முதல் நாள் கீசர் பற்றுவதற்கு வெகுநேரமாகிறது. பழுதா?

குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் அது வெளியேறி எரிவாயு வந்து சேரும். அப்போதும் பற்றாமல் வாசனை வந்தால் மேலும் முயலாமல் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, 1906 என்ற எரிவாயு உதவி எண்ணை வெளியிலிருந்து அழையுங்கள். ஊருக்குக் கிளம்பும் முன் ரெகுலேட்டரை மூடி, பேட்டரிகளைக் கழற்றி வைத்தால் அவை கசிந்து முனைகளை அரிப்பதும் நேராது.