டீனேஜ் பிள்ளைங்களுக்கு ஏரியா மக்களே நடத்துற தங்கும் இல்லம் பாதுகாப்பானதா? அங்க விடலாமா?

உங்க அண்ணன் பொண்ணுக்கு 15 வயசு, வீட்டுல தினமும் சண்டை, ரெண்டு தடவ ராத்திரியில சொல்லாம வெளிய போயிட்டா, பக்கத்துல இப்படி ஒரு இல்லம் இருக்கு, அங்க விட்டா நல்லதா இல்ல இன்னும் கெட்டுப் போயிடுவாளான்னு கேட்டிருக்கீங்க. நான் இந்த மாதிரி ஒரு இல்லத்துல நாலு வருஷமா வாரத்துக்கு ரெண்டு ராத்திரி டியூட்டி பாக்குறேன், சம்பளம் கிடையாது, வாலண்டியர் தான். எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல அந்த "கெட்டுப் போறது"ங்கிற பேச்சை விட்டுடுங்க ப்ளீஸ். அங்க வர்ற பிள்ளைங்க பெரும்பாலும் பெரியவங்க செஞ்ச தப்புக்காக வர்றவங்க. அடி, குடி, சொந்தக்காரன் ஒருத்தன் செஞ்ச அசிங்கம், இல்லன்னா செத்துடலாம் போல இருக்குன்னு தோணியும் அத காது கொடுத்து கேக்க வீட்டுல ஒரு ஆள் இல்லாதது. வந்து சேர்ற நேரத்துல பாதிப் பேருக்கு பேசவே தெம்பு இருக்காது. முதல்ல கேக்குறது என்ன தெரியுமா, சார்ஜர். போன் செத்துப் போயிருக்கும். சார்ஜர் கொடுத்து, சாப்பாடு வச்சு, படுக்கைய காட்டி, பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குன்னு சொல்லிடுவோம். அடிபட்டிருக்கா, உயிருக்கு ஆபத்து இருக்கா, இந்த ரெண்ட மட்டும் அன்னிக்கே கேட்டாகணும், மத்த எந்த விசாரணையும் அந்த ராத்திரி கிடையாது. ரெண்டாவது கேள்விய நேராவே கேப்போம், "சாகணும்னு தோணுதா"ன்னு. அப்படி கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே விதைச்ச மாதிரி ஆயிடும்னு நிறைய பேர் பயப்படுறாங்க, ஆனா ஆராய்ச்சிகள்ல அப்படி எதுவும் தெரியல, கேட்டதும் அழுது கொட்டித் தீர்த்த பிள்ளைங்கள நானே பாத்திருக்கேன்.

ஒரு பையன், அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன். தினமும் லைட் அணைச்ச கொஞ்ச நேரத்துல அவன் ரூம்ல இருந்து சர்ருனு நாற்காலி இழுக்குற சத்தம் வரும், கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு தான் படுப்பான். எங்களுக்கு அது பெரிய சிக்கல், ஏன்னா தீப்பிடிச்சா எந்தக் கதவா இருந்தாலும் ஒரே தள்ளுல திறக்கணும், அது ரூல். நாற்காலிய வெளிய எடுத்து வச்சிடலாம்னு ஒருத்தர் சொன்னாரு, எடுத்துட்டா அவன் தூங்கவே மாட்டான்னு எங்க அக்கா ஒருத்தங்க, சமையல் பாக்குறவங்க, ஒத்துக்கவே இல்ல. கடைசில அவங்க தான் ஒரு சின்ன மணிய நூல்ல கோத்து கொண்டு வந்து கதவு கைப்பிடியில தொங்கவிட்டு, "யாரு தொட்டாலும் உனக்குத் தான்பா முதல்ல கேக்கும்"னு சொன்னாங்க. அவன் நாலஞ்சு தடவ கதவ திறந்து மூடி சத்தத்த கேட்டுப் பாத்தான். அன்னிக்கு நாற்காலி இழுக்குற சத்தம் வரல. நான் அப்ப பெரிய கவுன்சலிங் புத்தகமெல்லாம் படிச்சிட்டு இருந்தேன், எனக்கு தோணாதது அவங்களுக்கு தோணுச்சு. ஏரியா மக்களே நடத்துறதுல இருக்குற பலம்னு நான் சொல்றது இத தான்.

பலவீனமும் இருக்கு, மறைக்க மாட்டேன். பாசம் மட்டும் வச்சுக்கிட்டு வர்ற வாலண்டியருங்க ஆறு மாசத்துல ஓய்ஞ்சு போய் நின்னுடுவாங்க, பிள்ளைங்களுக்கு அது இன்னொரு தடவ கைவிட்ட மாதிரி. நானே ஆரம்பத்துல ஒரு பொண்ணுகிட்ட "யாருகிட்டயும் சொல்ல மாட்டேம்மா"ன்னு வாக்கு கொடுத்துட்டேன், அவ சொன்ன விஷயம் கண்டிப்பா குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிங்களுக்கு தெரிவிச்சே ஆகணும், தெரிவிச்சேன், அதுக்கப்புறம் அவ என் முகத்தையே பாக்கல. இப்பெல்லாம் பிள்ளை வாய திறக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், உன் உயிருக்கு ஆபத்துன்னா நான் சொல்லியாகணும், ஆனா உனக்கு தெரியாம சொல்ல மாட்டேன்னு.

இது ஒண்ணும் புது யோசனை இல்ல. 1967ல சான் பிரான்சிஸ்கோவுக்கு வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளைங்க குவிஞ்சப்போ ஹக்கிள்பெரி ஹவுஸ்னு ஒண்ணு திறந்தாங்க, 1974ல அமெரிக்காவுல இதுக்குன்னே சட்டம் வந்துச்சு. அங்க அரசு உதவி வாங்குற இந்த மாதிரி அவசர இல்லங்கள்ல 21 நாள் வரைக்கும் தங்கலாம், 72 மணி நேரத்துக்குள்ள பெத்தவங்களையோ கார்டியனையோ தொடர்பு கொள்ளணும். இத எதுக்கு சொல்றேன்னா, பிள்ளைய வீட்டுல இருந்து பிரிக்கிறதுக்கான இடம் இல்ல இது. அந்தப் பக்கம் பெத்தவங்ககிட்டயும் பேச்சு நடந்துட்டே இருக்கணும். வீட்டுல அடியோ வேற கொடுமையோ இருந்தா மட்டும் கதை வேற, அங்க சமாதானம் பேசி திருப்பி அனுப்பக் கூடாது.

அதனால உங்க அண்ணன் பொண்ணு விஷயத்துல நான் சொல்றது, விடலாம், ஆனா பாத்துட்டு விடுங்க. அரசு அனுமதி பேப்பர காட்டச் சொல்லுங்க. ராத்திரி யாரு இருப்பா, எத்தன பேருன்னு கேளுங்க, ஒரே ஒரு ஆள் தான்னா வேண்டாம், குறைஞ்சது ரெண்டு பெரியவங்க முழிச்சிருக்கணும். ஆளுங்கள சேக்குறதுக்கு முன்னாடி போலீஸ் வெரிஃபிகேஷன் பண்றாங்களா, அங்க ஒருத்தர் மேலயே புகார் சொல்லணும்னா பிள்ளை வெளிய யாருகிட்ட சொல்லலாம்னும் கேளுங்க, இந்தக் கடைசிக் கேள்விக்கு மூஞ்ச சுளிச்சாங்கன்னா அப்படியே எந்திரிச்சு வந்துடுங்க. போனை வாங்கி வச்சுட்டு வீட்டுக்கு கூட பேச விடாத இடமும் வேண்டாம்.

இன்னொண்ணு, அவகிட்ட கேக்காம மூட்டை கட்டி கொண்டு போய் விட்டுடாதீங்க. 1989 ஐநா குழந்தைகள் உரிமை ஒப்பந்தத்துல 12வது பிரிவே இது தான், பிள்ளைய பத்தி முடிவெடுக்கும்போது அந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னு கேக்கணும். ஒரு பகல் நேரத்துல சும்மா அவள கூட்டிட்டு போங்க. படுக்குற ரூம அவளே பாக்கட்டும், நீங்க வெளிய உக்காந்திருங்க, அவங்ககிட்ட கேக்க வேண்டியத அவளே கேட்டுட்டு வரட்டும்.