லேசிக் செய்துவிட்டு லடாக் போகலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகனுக்கு 18 வயது, டிகிரி முதல் வருடம், கண்ணாடி பவர் மைனஸ் 3. படிப்பு முடிந்ததும் முப்படை அதிகாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு எழுதி ராணுவ அதிகாரியாகப் போக ஆசைப்படுகிறான். கண்ணாடி பவரை லேசரால் சரிசெய்யும் லேசிக் ஆபரேஷனைச் செய்துகொண்டபின், லடாக்கில் உயரமான லே, சியாச்சின் பக்கம் போஸ்டிங் கிடைத்தால் பார்வை போய்விடுமா என்று கேட்கிறீர்கள்.

பயம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1996 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்க டாக்டருக்கு, 8,000 மீட்டருக்கு மேலே பார்வை மங்கி, உச்சிக்குப் போக முடியாமல் பாதியிலேயே நின்றுவிட்டார். ஆனால் அவர் செய்துகொண்டது லேசிக் இல்லை; ஆர்.கே. என்ற பழைய ஆபரேஷன். அதில் கருவிழியின் ஓரத்தில் சக்கரத்தின் ஆரக்கால்போலக் கத்தியால் கீறுவார்கள். கருவிழிக்குள் ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அது வீங்கும். கீறிய கண்ணில் ஓரம் அதிகமாக உப்பி, நடுப்பகுதி தட்டையாகி, பவர் பிளஸ் பக்கம் நகரும். ஏறிய உடனே இது தெரியாது, ஒரு நாளாவது ஆகும். கீழே இறங்கினால் சரியாகிவிடும்.

அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில், சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் ஆராய்ந்தபோது ஆர்.கே. செய்தவர்களுக்குப் பவர் இப்படித்தான் மாறியது. லேசர் முறையான பி.ஆர்.கே. செய்தவர்களுக்குக் குறிப்பிடும்படி மாறவில்லை. லேசிக் செய்தவர்களில் சிலருக்கு மிக உயரத்தில் மைனஸ் பக்கம் சற்று நகர்வதுண்டு. லே இருப்பது சுமார் 3,500 மீட்டரில். அங்கே தொல்லை தரப்போவது கண் வறட்சியும் புற ஊதாக் கதிரும்தான். சொட்டு மருந்தும் நல்ல கூலிங் கிளாசும் கட்டாயம் வேண்டும்.

எனக்கு மலையின் உயரத்தைவிட உங்கள் மகனின் அவசரம்தான் கவலை. இருபது வயதுக்கு முன் லேசிக் செய்தால் ராணுவத்தின் மெடிக்கல் பரிசோதனையில் நிராகரிப்பார்கள். செய்தபிறகும் 12 மாதம் கழிய வேண்டும், கருவிழியின் தடிமன் 450 மைக்ரானுக்கு (0.45 மில்லிமீட்டர்) குறையக் கூடாது, மிச்சப் பவரும் ஒன்றுக்குள் இருக்க வேண்டும். இப்போதே செய்தால் பவர் இன்னும் ஏறவும் வாய்ப்பிருக்கிறது. "லீவில் முடித்துவிடலாம்" என்று யாராவது ஆஃபர் காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், பலர் இதை விசாரிப்பதே இல்லை. தரைப்படைக்குக் குறிப்பிட்ட பவர் வரை கண்ணாடியோடேயே எடுக்கிறார்கள். அந்த வருட அறிவிக்கையில் வரம்பைப் பாருங்கள். மகன் அதற்குள் வந்தால் ஆபரேஷனே வேண்டாம். விமானி ஆக வேண்டும் என்றால் விதிகள் இன்னும் கடுமை.

எப்படியும் செய்வதென்றால் இருபது முடியட்டும், பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்கட்டும். எந்த முறை, எந்தத் தேதி என்று ஆஸ்பத்திரி தரும் சான்றிதழையும் ஆபரேஷனுக்கு முந்தைய கண் ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மெடிக்கல் போர்டில் அதைக் கேட்பார்கள்.