படிகம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மூலிகைகளிலிருந்து வந்த மருந்துகளைப் பற்றி நீங்கள் எழுதும்போதெல்லாம் ‘அதன் படிக அமைப்பைக் கண்டறிந்தார்கள்’ என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பொருளைப் பிரித்தாயிற்று, நோய் குணமாகிறது என்றும் தெரிந்துவிட்டது. அப்புறம் படிகம் எதற்கு? ஆய்வுக் கட்டுரை எழுதத்தானா?

க.

அன்புள்ள க.,

கேள்வி நியாயமானது. கடைசி வரியை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சீனாவில் தூ யூயூவின் குழு 1972-ல் சிங்ஹாவ் என்ற மூலிகையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. மலேரியாவுக்கு நன்றாகக் கேட்டது. 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்ஸிஜன் என்ற கணக்கும் கிடைத்தது. சரி, இந்த 42 அணுக்களும் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன? பழைய மலேரியா மருந்துகளான குயினைன், குளோரோகுயின் இரண்டிலும் நைட்ரஜன் உண்டு. இதில் அது துளியும் இல்லை. பழைய மருந்துகளை வைத்து ஊகிக்க வழியில்லை.

இங்கேதான் படிகம் வருகிறது. அதை வளர்ப்பதே ஒரு பொறுமை. பொருளைக் கரைத்து, மூடியில் ஊசித் துளையிட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் வெறும் தூள்தான் மிஞ்சும். உப்புக்கல் அளவில் ஒன்று தேறினால் அதை முனைவாக்க நுண்ணோக்கியில் (ஒரே திசையில் அதிரும் ஒளியில் பார்க்கும் கருவி) வைத்து மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள். முழுப் படிகமும் ஒரே கணத்தில் இருண்டால் அது நல்ல ஒற்றைப் படிகமாக இருக்கும். பாதி இருண்டு பாதி மின்னினால் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உதவாது. அந்தக் கணத்தை ஒருமுறை நானே பார்த்திருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை. பிறகு அதன்மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளின் செறிவை அளந்து, எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். அணுக்கள் இருக்குமிடம் அதில் தெரியும்.

1975-ல் பெய்ஜிங்கில் இப்படித்தான் ஆர்ட்டிமிசினின் முழுதாகத் தெரிந்தது. வளையங்களுக்கு நடுவே இரண்டு ஆக்ஸிஜன்கள், சுமார் 1.47 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. பெராக்சைடுப் பாலம். பொதுவாக எளிதில் அறுந்துவிடும் பிணைப்பு அது. மருந்தின் உயிரே அதில்தான். மலேரியா ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்னும்போது வெளிவரும் இரும்பு இந்தப் பாலத்தை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஒட்டுண்ணியின் புரதங்களைத் தாக்குகின்றன. பாலத்தில் ஓர் ஆக்ஸிஜனை எடுத்துவிட்டால் கிடைப்பது டீஆக்ஸி ஆர்ட்டிமிசினின். அது மலேரியாவுக்குக் கேட்பதில்லை.

ஆர்ட்டிமிசினின் தண்ணீரிலும் எண்ணெயிலும் சரியாகக் கரையாது. எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்ததால், பாலத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் மாற்றினார்கள். எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமீத்தர் கிடைத்தது, ஆர்ட்டிசுனேட்டும் கிடைத்தது. கடும் மலேரியாவில் நினைவிழந்து கிடக்கும் குழந்தைக்கு இன்று நரம்பில் ஏற்றுவது அந்த ஆர்ட்டிசுனேட்டைத்தான்.