திப்பி மாட்டுக்கு, ஜவ்வரிசி நமக்கு

போன இதழ்ல மலச்சிக்கல் பத்தி போறபோக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு இந்த வாரம் வந்த கேள்வி பூரா நார்ச்சத்து பத்திதான். வாய்விட்டு பேச கூச்சப்படுற விஷயத்தை லெட்டர்ல எப்படித்தான் இவ்ளோ விவரமா எழுதுறீங்களோ!

அக்கா, கிருத்திகைக்கு எங்க வீட்ல ஜவ்வரிசி உப்புமாதான். மறுநாள் வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. ஜவ்வரிசி கிழங்குல இருந்துதானே வருது, கிழங்குல நார் இருக்கே?
– வாசகி, ஆத்தூர்

கிழங்குல இருக்குதும்மா, ஆனா அது உங்க தட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போயிடுது. நம்ம சேலம் பக்கம் சேகோ மில்லு, அதான் ஜவ்வரிசி ஆலை, பார்த்திருப்பீங்க. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, அரைச்சு, தண்ணி விட்டு சலிப்பாங்க, கீழ இறங்குற பாலைத் தொட்டியில விட்டா மாவு அடியில படியும், அந்த மாவைத்தான் உருட்டி வறுத்து காய வெச்சு ஜவ்வரிசி ஆக்குறாங்க. சல்லடை மேல நிக்குது பாருங்க ஒரு சக்கை, அதுக்குப் பேரு திப்பி. நார் பூரா அதுலதான் இருக்கு, அதைக் காயப்போட்டு மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிடுறோம். மாடு நல்லாத்தான் சாணி போடுது, நாமதான் முக்கிட்டு உக்காந்திருக்கோம்.

ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் ஸ்டார்ச். 100 கிராம்ல நார்ச்சத்து 1 கிராம் தேறுறதே கஷ்டம். உலக சுகாதார நிறுவனம் 2023ல சொன்ன கணக்குப்படி 10 வயசு தாண்டின யாருக்கும் ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் நார் வேணும், அதுவும் சாப்பாட்டுல இயல்பா இருக்குற நாரா. அதுக்காக ஊர்ப்பேரு சொல்ற பொருளை விட்டுடுங்கன்னு நான் சொல்லமாட்டேன், நானே ஜவ்வரிசி வடாம்னா உயிரை விடுறவ. உப்புமாவுல பீன்ஸ், பட்டாணி, கேரட்னு ஜவ்வரிசி அளவுக்கே காய் போடுங்க, சாயங்காலம் ஒரு கொய்யாப்பழம் கடிச்சு சாப்பிடுங்க, அதுலயே 5 கிராம் வந்துடும். ராத்திரி கொண்டக்கடலை சுண்டல் ஒரு கிண்ணம் சேர்ந்தா பாதிக் கணக்கு முடிஞ்சுது.

மேடம், கொலுசுப் பட்டறையில பத்த வெக்கிற வேலை, காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன். நார்ச்சத்து நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாருன்னு காலையில ஓட்ஸ், மதியம் கோதுமைத் தவிடு, ராத்திரி இசப்கோல்னு மலம் இளக்குற ஒரு விதை உமி, இப்படி திங்கக்கிழமை ஆரம்பிச்சேன். புதன்கிழமை வயிறு பலூன் மாதிரி ஆயிடுச்சு, பட்டறையில பக்கத்துல உக்கார ஆளில்ல.
– வாசகர், சிவதாபுரம்

சிரிக்கக் கூடாதுன்னுதான் பார்த்தேன் தம்பி, முடியல. நார்ச்சத்தை நம்ம குடல் செரிக்காது, அதுக்கான என்சைம் நமக்குக் கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்குற கோடிக்கணக்கான பாக்டீரியா அதுல ஒரு பங்கைப் புளிக்க வெக்கும், மாவு புளிக்குதே அதே மாதிரிதான். அப்ப கேஸ் வரத்தான் செய்யும். கூடவே பியூட்டிரேட்னு ஒரு அமிலமும் உண்டாகுது, பெருங்குடல் சுவர்ல இருக்குற செல்லுக்கு அதுதான் முக்கியமான சாப்பாடு. அதனால கேஸ் வருதேன்னு நாரை வெறுத்துடாதீங்க, பழக்கமில்லாத குடலுக்கு மூணு நேரமும் பந்தி போட்டதுதான் தப்பு. ஓட்ஸ், தவிடு, இசப்கோல் மூணையும் நிறுத்திட்டு வயிறு அடங்கட்டும், அப்புறம் ஏதாவது ஒண்ணு மட்டும், கொஞ்சமா, வாரத்துக்கு வாரம் ஏத்துங்க.

இன்னொண்ணு, தண்ணி. நெருப்புகிட்ட உக்காந்து வேலை செய்யுறீங்க, பாத்ரூம் போக எந்திரிக்கணும்னு தண்ணி குடிக்காம இருப்பீங்கன்னு நினைக்குறேன் (பட்டறை ஆளுங்க முக்காவாசிப் பேரு இப்படித்தான்). இசப்கோல் தண்ணியை இழுத்து ஊதுற பொருள், தண்ணி இல்லாம போட்டா மலத்தை இளக்குறதுக்குப் பதிலா அதுவே அடைச்சுக்கும். முழு டம்ளர் தண்ணியில கலக்கி உடனே குடிக்கணும், வாயில பொடியா கொட்டிக்கிட்டா தொண்டையிலயே நின்னுடும். வேற மாத்திரை சாப்பிடுறீங்கன்னா ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. அப்புறம் மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல மலம் போற பழக்கம் திடீர்னு மாறுறது, இதுல எது இருந்தாலும் எனக்கு எழுதிட்டு உக்காராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க.

எங்கம்மாவுக்கு சுகர். காப்பித் தோட்டத்துல வேலை பார்த்தவங்க. ராகிக் களியில நார் ஜாஸ்தி, சுகரே ஏறாதுன்னு மூணு வேளையும் களிதான். ஆனா டெஸ்ட்ல குறையவே இல்ல.
– வாசகி, ஏற்காடு

நார் ஜாஸ்திங்குறது நிஜம்தான். 100 கிராம் ராகியில சுமாரா 11 கிராம், பாலிஷ் போட்ட அரிசியில 3 கிராம் கூட இல்ல. ஆனா ராகியிலயும் முக்காவாசி மாவுச்சத்துதானே, நைஸா அரைச்சு கிண்டி ரெண்டு உருண்டை உள்ள போனா சுகர் ஏறாம எங்க போகும்? அளவை ஒரு உருண்டையாக்கி, பக்கத்துல கீரைக் கடைசலும் கொள்ளுப் பருப்பும் நிறைய வைங்க. பருப்பு, அவரை, வெண்டைக்காய், ஓட்ஸ்ல எல்லாம் தண்ணியில கரையுற நார் இருக்கு, அது குடல்ல கூழ் மாதிரி ஆகி சர்க்கரை ரத்தத்துக்குப் போற வேகத்தைக் குறைக்கும், பித்த நீரையும் பிடிச்சு வெளிய தள்ளும், ஈரல் புதுசா பித்தம் செய்ய ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ராலை இழுத்துக்கும். கொள்ளு ரசம் வெச்சா தெளிவை மட்டும் இறுத்துட்டு கொள்ளைத் தூக்கிப் போடாதீங்க, நார் கொள்ளுலதான் இருக்கு. மலையில பேரிக்கா சீசன்ல தோலோட ஒண்ணு சாப்பிடட்டும், பட்டர் ஃப்ரூட்டும் நல்லது, ஆனா பாலும் சர்க்கரையும் போட்டு அடிச்சுக் குடுத்துடாதீங்க. மாத்திரையை மட்டும் நீங்களா குறைக்க வேணாம்.

ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய் வெச்சுத் தர்ற தட்டுவடை செட்ல கேரட், பீட்ரூட்லாம் போடுறாங்களே, அதுல நார்ச்சத்து வராதா?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

வரும் தம்பி. 100 கிராம் கேரட்ல 3 கிராம் மாதிரி வரும், உங்க செட்டுல கடைக்காரர் தூவுறது 20 கிராம் இருந்தா அதிசயம். நீங்களே பெருக்கிப் பாருங்க, 25 கிராம் சேர எத்தனை செட்டுன்னு, அத்தனை செட்டுக்கு உங்க பாக்கெட் மணியும் தாங்காது, வயிறும் தாங்காது. நேத்து நானும் ரெண்டு செட் சாப்பிட்டேன், அதை நார்க் கணக்குல எழுதல.