கால்பந்து ஆடட்டும், நீச்சல் இப்போது வேண்டாம்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஓராண்டாக வலிப்பு வரவில்லை. கால்பந்து ஆடுகிறான், நீச்சலுக்கும் போகிறான். ஓடி மூச்சிரைத்தால் வலிப்பு வரும், தலையில் பந்து பட்டால் நோய் முற்றும் என்று இணையத்தில் படித்துப் பயந்துபோயிருக்கிறேன். மந்தமாக இருக்கிறது என்பதால் போட்டி நாளில் காலை மாத்திரையைத் தருவதில்லை. சில சமயம் சாப்பிடும்போது அப்படியே வெறித்துப் பார்ப்பான், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அரை நிமிடத்தில் சரியாகிவிடும். விளையாட்டையே நிறுத்திவிடலாமா?

பதில்: கால்பந்தை நிறுத்தாதீர்கள். ஓடுவதால் வலிப்பு வருவது அபூர்வம். உடற்பயிற்சியால் பலருக்கு வலிப்பு குறைவதும் உண்டு. ஆட்டத்தில் சாதாரணமாகப் பந்து படுவதால் நோய் முற்றாது. வலிப்பு நோய் இருந்தும் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் 1992 உலகக் கோப்பையில் எப்படிப் பாய்ந்து ஃபீல்டிங் செய்தார் என்று பையனுக்குக் காட்டுங்கள். இணையத்தில் படித்ததை அத்தோடு விட்டுவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த வெறித்த பார்வைதான். கை கால் உதறினால்தான் வலிப்பு என்பதில்லை. கவளம் கையிலேயே நிற்க, கண் ஓரிடத்தில் நிலைத்து, வாய் சப்புக்கொட்டுகிறதா? விரல்கள் சட்டை நுனியை நெருடுகின்றனவா? தெளிந்த பிறகு சற்றுக் குழம்புகிறானா? அப்படியானால் அது வலிப்பாகவே இருக்கலாம். ஓராண்டாக வரவில்லை என்ற கணக்கும் தப்பு. மைதானத்தில் அந்த அரை நிமிடம் சும்மா நின்றுவிடுவான். தண்ணீரில் கத்தாமல், கையை ஆட்டாமல், சத்தமே இல்லாமல் உள்ளே போய்விடுவான். பக்கத்தில் நீந்துபவருக்குக்கூடத் தெரியாது.

அதனால் இன்றே நீச்சலை நிறுத்துங்கள். உயரத்தில் ஏறுவதும் சாலையில் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம். அடுத்த முறை வெறித்துப் பார்க்கும்போது செல்போனில் வீடியோ எடுக்க முடிந்தால் எடுங்கள். அது கிடைக்காவிட்டாலும் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அவர் அனுமதித்த பிறகும் தனியாக நீந்தக் கூடாது. விஷயம் தெரிந்த, நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மொத்தக் குளத்தையும் கவனிக்கும் காவலர் போதாது.

அப்புறம் மாத்திரை. போட்டி நாளில் அதை நிறுத்த உங்களுக்கு யார் சொன்னது? தவறவிட்ட மாத்திரையும் முந்தைய இரவின் தூக்கக் குறைவும் சேர்ந்தால் வலிப்பை வரவழைக்க அதுவே போதும். மந்தமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நேரத்தையோ அளவையோ மருந்தையோ அவர் மாற்றித் தருவார். நீங்களாக எதையும் குறைக்காதீர்கள்.

பயிற்சியாளரிடம் நோயை மறைக்க வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். என்றாவது தண்ணீருக்குள் வந்துவிட்டால், தெளிந்து எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.