ஹாலோவீனுக்குத் தெர்மோகோலில் கல்லறைக் கல் செய்து வெளியே வைத்தால் மழை தாங்குமா? என்ன பெயின்ட் அடிக்கலாம்?

தாராளமாகத் தாங்கும். நியூ ஜெர்சியில் என் வீட்டு முன்னால் வருடாவருடம் அதே கற்கள்தான் நிற்கின்றன. நீங்களும் இந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், ஸ்ப்ரே டப்பா பக்கமே போகாதீர்கள். கடையில் கேட்டபோது அங்கிருந்த பையன் ஸ்ப்ரே பிரைமர் போதும் என்று ஒன்றை எடுத்து நீட்டினான். எனக்கு நம்பிக்கை இல்லை. வெட்டி மிஞ்சிய துண்டில் அடித்துப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொத்தைப் பல் மாதிரி குழி விழுந்துவிட்டது. அதிலுள்ள அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனை, அதாவது தெர்மோகோலைக் கரைத்துவிடும். இளஞ்சிவப்பு இன்சுலேஷன் பலகைக்கும் இதே கதிதான். 'குழி விழுந்தால் பழைய கல் மாதிரிதானே இருக்கும்' என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். அவரவர் இஷ்டம்.

நான் பூசுவது டிரைலாக். பேஸ்மென்ட் சுவரில் ஈரம் கசியாமல் இருக்க அடிப்பார்களே, அதுதான். எண்ணெய் சார்ந்தது வேண்டாம், தண்ணீர் சார்ந்த (வாட்டர் பேஸ்டு) வகையாகப் பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் கல் போலவே தெரியும். இரண்டு கோட் அடியுங்கள். முதுகையும் அடிப்பாகத்தையும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். அதற்கு மேல் எக்ஸ்டீரியர் லேடெக்ஸ் பெயின்ட். எழுத்துப் பள்ளங்களில் கறுப்பைத் தண்ணீராகக் கலந்து வழியவிட்டு, காய்ந்ததும் விளிம்புகளில் வெளிர் சாம்பலைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வெறும் வெள்ளைப் பசை பூசினால் மழையில் பிசுபிசுத்துவிடும். ஜாயின்ட் காம்பவுண்டில் (சுவர்ப் பலகை இடுக்குகளை நிரப்பும் பூச்சு) பெயின்ட் கலந்து செய்யும் 'மான்ஸ்டர் மட்' பார்க்க அழகு, ஆனால் மேலே நீர் புகாத கோட் இல்லாவிட்டால் இளகும். குளிர் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் லேடெக்ஸ் சரியாகப் பிடிக்காது, அதனால் செப்டம்பரிலேயே அடித்துவிடுங்கள்.

மழையைவிடக் காற்றுதான் எதிரி. பின்னால் பிவிசி குழாய் பதித்து, தரையில் அடித்த இரும்புக் கம்பியில் செருகுங்கள்.

வீட்டு வாசலில் கல்லறையா, அமங்கலம் இல்லையா என்று கீழே யாராவது கேட்பீர்கள். பிள்ளைகளுக்காக வைக்கிறோம், விடுங்கள். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. எதிர் வீட்டின் 12 அடி எலும்புக்கூட்டைப் பற்றி எங்கள் குடியிருப்புச் சங்கம் வாய் திறக்கவில்லை. என் மனைவி டிரைவ்வேயில் போட்ட கோலத்துக்கு மட்டும் 'கறையை அகற்றவும்' என்று கடிதம் வந்தது. அரிசி மாவு ஐயா அது!